கடமையும் தன்விருப்பமும்: சித்தூர்ச் சீமை கண்ட ஓர் அறவழக்கு

சித்தூரிலிருந்து கார்வேட்டிநகரம் வழியாகப் புத்தூருக்குச் செல்லும் சாலையில் கங்காதர நெல்லூர் என்னும் ஊர் உள்ளது. பெண்ணாற்றங்கரையில் உள்ள நெல்லூர் மாநகரம் வேறு, இது வேறு. பழைய தொண்டை நாட்டின் வடமேற்கு ஓரத்தில், தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் சீமையில் அமைந்த ஊர் இது. இதன் அண்மைக்கால வரலாற்றை நோக்குவார்க்கு ஒரு விந்தை புலப்படும்.

1911ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முடிய இவ்வூர் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அம்மாவட்டத்தின் தலைநகராக விளங்கியதும் சித்தூரே. அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாள் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. வட ஆர்க்காட்டின் தலைநகரம் வேலூருக்கு மாறிற்று. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுள் அடங்கிற்று. 1956 நவம்பர் முதல் நாள் அம்மாநிலம் ஆந்திரப் பிரதேசமாக விரிந்தது. பின்னர், படாஸ்கர் அவர்களின் பரிந்துரையை ஒட்டி இயற்றப்பட்ட எல்லை மாற்றச் சட்டத்தின்படி, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சித்தூரும் கங்காதர நெல்லூரும் ஆந்திரத்திலேயே நின்றன.

தன் வயலை விட்டு ஓரடியும் பெயராத உழவர் ஒருவர் இவ்வாறு ஒரே வாழ்நாளில் இரண்டு மாவட்டங்களையும் மூன்று மாநிலங்களையும் கண்டுவிட்டார். அவரை எவரும் கேட்கவில்லை. அவர் எதனையும் தேர்ந்தெடுக்கவுமில்லை. பிழைப்பை நாடிப் பம்பாய்க்கும் பெங்களூருக்கும் கல்கத்தாவுக்கும் டெல்லிக்கும் சென்ற நாமோ ஊரை விட்டு எல்லை தாண்டினோம். அவ்வுழவரையோ எல்லை தாண்டிச் சென்றது. ஆயினும் இருசாரார்க்கும் ஒரு வினா பொதுவாக நிற்கின்றது. தாம் தேர்ந்துகொள்ளாத நிலைமைகளுக்கிடையே வாழும் மாந்தர்க்குக் கடமை என ஒன்று உண்டா? உண்டெனில், அதனை அவர் தம் விருப்பத்தால் ஏற்கின்றாரா, அன்றிப் பிறர் கட்டளையால் சுமக்கின்றாரா?

இவ்வினா நூலறிஞர்க்கு மட்டும் உரியதன்று. மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பும் மகன், முதிய பெற்றோரைத் தனியே விட்டு வந்த மகள், தங்கையின் திருமணத்திற்காகத் தன் திருமணத்தைத் தள்ளி வைக்கும் அண்ணன் ஆகிய அனைவர் உள்ளத்திலும் என்றேனும் ஓர் இரவில் எழும் வினாவே இது. இவ்வழக்கைச் சித்தூர்ச் சீமை தன் கதையாலும் கவிதையாலும் தத்துவத்தாலும் செயலாலும் எவ்வாறு ஆராய்ந்தது என்பதனை இங்கே காண்போம்.

முதலில் சொல்லின் பொருளைத் தெளிந்துகொள்வோம். தமிழில் கடமை என்னும் சொல் கடன் என்னும் சொல்லோடு உறவுடையது. கடன் என்பது ஒருவரிடம் வாங்கித் திருப்பித் தரவேண்டிய பொருளையும் குறிக்கும். செய்தே தீரவேண்டிய செயலையும் குறிக்கும். கடன் கொடுத்தவர் வாயிலில் வந்து நின்றால் நாம் தந்தாக வேண்டும். அங்கே விருப்பத்திற்கு இடமில்லை. ஆனால் வள்ளுவர் ஒப்புரவைப் பற்றிப் பேசுமிடத்துக் கடப்பாட்டிற்கு மழையை உவமையாக்குகின்றார். மழைக்கு உலகம் திருப்பித் தரக்கூடியது ஒன்றுமில்லை. மழையிடம் கடன் கேட்டு நிற்பாரும் இலர். கேட்பாரின்றியே செலுத்தப்படும் கடன் ஒன்று உண்டென்பது அவர் கருத்து. அவரே ஊழின் வலிமையைக் கூற ஓர் அதிகாரமும், ஊழையும் புறங்காணத்தக்க முயற்சியைக் கூற மற்றோர் அதிகாரமும் வகுத்தார். இரண்டில் ஒன்றை அழித்து மற்றொன்றை நிறுத்த அவர் முற்படவில்லை. நமக்குக் கொடுக்கப்பட்டது ஒன்று, நாம் செய்யத்தக்கது ஒன்று என இரண்டையும் ஒருங்கே வைத்தார்.

இனி, சித்தூருக்கு அருகில் உள்ள காணிப்பாக்கத்திற்குச் செல்வோம். வரசித்தி விநாயகர் கோயிலால் புகழ்பெற்ற ஊர் அது. பொய் சொன்னவர் அத்தெய்வத்தின்முன் நிற்க இயலாது என்பது நாட்டு நம்பிக்கை. அதனால், வழக்காடும் இருவர் நீதிமன்றத்தை விட்டுக் காணிப்பாக்கத்திற்குச் சென்று சத்தியம் செய்வது இன்றும் உண்டு. அங்குள்ள பாகுதை ஆற்றோடு சங்கர், லிகிதர் என்னும் இரு உடன்பிறந்தாரின் கதை இணைத்துச் சொல்லப்படுகின்றது. மகாபாரதத்தின் சாந்தி பருவத்திலும் இக்கதை உண்டு.

தமையனார் இல்லாத வேளையில் லிகிதர் அவருடைய தோப்பில் கனி பறித்து உண்டார். திரும்பி வந்த சங்கர், பிறர் பொருளைக் கேளாது எடுப்பது களவு என்றும், அரசனிடம் சென்று குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் பெறுக என்றும் கூறினார். லிகிதர் அவ்வாறே சென்றார். அரசன் முனிவரை வணங்கி மன்னிக்க முற்பட்டான். லிகிதரோ தண்டமே வேண்டினார். கைகள் வெட்டப்பட்டன. பின்னர்த் தமையனாரின் சொற்படி ஆற்றில் நீராடியபோது கைகள் மீண்டும் முளைத்தன என்பது கதை. கை என்னும் பொருள்தரும் வடசொல்லைக் கொண்டே ஆற்றின் பெயர்க்கும் விளக்கம் கூறுவர்.

ஒரு கனிக்குக் கைகளை இழப்பது கொடுமையான தண்டமே. அதனை எவரும் இன்று நீதி என்று கொள்ளார். எனினும் இக்கதையின் உயிர்நிலை தண்டத்தின் அளவில் இல்லை. லிகிதரைக் காவலர் பிடித்துச் செல்லவில்லை. தாமே நடந்து சென்றார். மன்னிப்பு என்னும் கதவு திறந்திருந்தது. அதன் வழியே அவர் வெளியேறவில்லை. தப்பிச் செல்லும் வழி கண்முன் இருந்தும் நின்றமையாலேயே அவருடைய பணிவு அறமாயிற்று. வழியே இல்லாதிருந்தால் அது வெறும் அகப்படுதலாகவே முடிந்திருக்கும். காணிப்பாக்கத்துச் சத்தியமும் இத்தகையதே. தெய்வம் தண்டிக்கும் என்று நடுங்கி உண்மை கூறுபவர் அச்சத்திற்குக் கட்டுப்பட்டவர். தம் சொல்லுக்குத் தாமே பிணையாக நிற்பவர் அறத்திற்குக் கட்டுப்பட்டவர். வெளியே இருந்து பார்ப்பார்க்கு இருவரும் ஒருவர் போலவே தோன்றுவர்.

இந்த இடத்தில் எதிர்வழக்கு ஒன்றையும் கேட்டாக வேண்டும். சித்தூரை அடுத்த கட்டமஞ்சியில் 1880ஆம் ஆண்டு பிறந்தவர் கட்டமஞ்சி இராமலிங்க ரெட்டி. சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பின்னர்க் கேம்பிரிட்ஜிலும் பயின்ற அப்பெரியார், சென்னையில் மாணவராய் இருந்த காலத்தில், 1900ஆம் ஆண்டை ஒட்டி, தெலுங்கில் ‘முசலம்ம மரணம்’ என்னும் செய்யுள் நூலை இயற்றினார். தற்காலத் தெலுங்குக் கவிதையின் தொடக்கங்களுள் ஒன்றாக அதனைக் கருதுவர். அனந்தப்பூரை அடுத்த புக்கராய சமுத்திரம் ஏரியைப் பற்றிய பழங்கதையே அதன் பொருள். பெருமழையில் ஏரிக்கரை உடையும் நிலைக்கு வருகின்றது. முசலம்மை என்னும் மருமகளைப் பலியாகத் தந்தால் கரை நிற்கும் எனத் தெய்வ வாக்கு எழுகின்றது. அவள் உற்றாரிடம் விடைபெற்றுக்கொண்டு உடைப்பில் இறங்குகின்றாள், ஊர் பிழைக்கின்றது.

கவிஞர் அவளைத் தன் மனம் ஒப்பிச் செல்பவளாகவே காட்டுகின்றார். அவள் பெருமையை நாம் குறைத்துக் கூற வேண்டுவதில்லை. ஆனால் ஊரைப் பார்த்து ஒரு வினாவை எழுப்பலாம். ‘மாட்டேன்’ என்று அவள் சொல்லியிருந்தால் அவ்வூரார் அவளை வாழ விட்டிருப்பார்களா? லிகிதருக்கு அரசன் திறந்து வைத்த கதவு முசலம்மைக்குத் திறந்திருந்ததா? மறுக்க இடமில்லாதவரிடம் பெற்ற இசைவைத் தியாகம் என்று போற்றிப் பாடுவது, பெற்றுக்கொண்டவர்க்கு எளிது. குடும்பத்திலும் ஊரிலும் கடமையின் பெயரால் எவரிடம் மிகுதியாகக் கேட்கின்றோம், அவர்க்கு மறுக்கும் உரிமையை விட்டு வைத்திருக்கின்றோமா என்பது அறத்தைப் பேசுவோர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய முதற் கேள்வி.

மேலை நாட்டில் ஜெர்மானிய அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1785ஆம் ஆண்டிலும் 1788ஆம் ஆண்டிலும் வெளியிட்ட அறநூல்களில் இக்கருத்தையே வேறொரு வழியில் நிறுவினார். ஒன்றைச் ‘செய்ய வேண்டும்’ என்று ஒருவர்க்கு விதிப்பதனால், அவர் அதனைச் ‘செய்ய வல்லவர்’ என்பது அதனுள் அடங்கியிருக்கின்றது. கல் கீழே விழுவதற்குக் கடமை என்று பெயரில்லை. சுதந்திரம் உள்ள இடத்திலேதான் கடமை பிறக்கும். அறிவு தனக்குத் தானே விதித்துக்கொள்ளும் சட்டமே அறம் என்பது அவர் முடிவு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வளவுகோலைக் கையில் கொண்டு நம் நாட்டுத் தத்துவத்தை அளக்க வந்தார் பலர். அவருள் ஒருவர் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தத்துவம் கற்பித்த ஸ்காட்லாந்துப் பேராசிரியர் ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக். அக்கல்லூரி அந்நாளில் தாம்பரத்தில் இல்லை. சென்னை எஸ்பிளனேடு பகுதியில் இருந்தது. 1937ஆம் ஆண்டிலேதான் தாம்பரத்திற்கு மாறிற்று. கர்மத்தையும் மீட்பையும் பற்றி ஹாக் எழுதிய கட்டுரைகள் 1904, 1905ஆம் ஆண்டுகளில் கல்லூரி இதழில் வெளிவந்து, 1909இல் நூலாயின. வினைப்பயன் என்னும் கொள்கை உலகத்தை நீதிமன்றமாக்கிவிடுகின்றதேயன்றி அறவுலகமாக்கவில்லை என்பது அவர் வாதம். ஒவ்வொருவரும் தத்தம் வினைக்கேற்பத் துல்லியமாகப் பயன் பெறுவராயின், பிறர் துயரைத் துடைக்க நீளும் கைக்கு அங்கே என்ன வேலை? இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது.

இதற்கு விடை தேட முற்பட்ட மாணவரும் சித்தூர்ச் சீமையின் எல்லைப் புறத்தவரே. 1888 செப்டம்பர் 5ஆம் நாள் திருத்தணியில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், 1896ஆம் ஆண்டு முதல் திருப்பதியில் லுத்தரன் திருச்சபையார் நடத்திய பள்ளியிலும், பின்னர் வேலூர் ஊரிஸ் கல்லூரியிலும் பயின்று, உதவித்தொகையின் துணையோடு சென்னைக் கிறித்துவக் கல்லூரியை அடைந்தார். அவர் தத்துவத்தைத் தேர்ந்துகொண்ட கதையே நம் வினாவிற்கு ஓர் எடுத்துக்காட்டாகும். கணிதம், இயற்பியல், உயிரியல், தத்துவம், வரலாறு என்னும் ஐந்தில் எதனை எடுப்பது என்று பதினேழு வயதில் தயங்கி நின்றார். அவ்வாண்டு பட்டம் பெற்ற உறவினர் ஒருவர் தம் பாடநூல்களை அவர்க்குத் தந்தார். உளவியலில் ஒன்று, தருக்கத்தில் ஒன்று, அறவியலில் ஒன்று. அவற்றைப் படித்ததே வழியைத் தீர்மானித்தது. நூல்கள் கைக்கு வந்தது தற்செயல். அந்நூல்களைக் கொண்டு என்ன செய்தார் என்பது தற்செயலன்று.

முதுகலைத் தேர்வின் ஒரு பகுதியாக அவர் எழுதி, 1908ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வுரை வேதாந்தத்தின் அறநெறியையும் அதற்கு அடிப்படையான மெய்ப்பொருட் கொள்கைகளையும் பற்றியது. வேதாந்தத்தில் அறத்திற்கு இடமில்லை என்னும் குற்றச்சாட்டிற்கு அது மறுமொழி. பாதிரிமார் நடத்திய பள்ளிகளில் கற்ற இளைஞர், அச்சமயத்தைச் சார்ந்த பேராசிரியர் கண்பார்வையில், அவர் கருத்துக்கு மாறாக எழுதினார். தேர்வின் முடிவும் பிழைப்பும் ஆசிரியர் கையில் இருந்தன. அவ்வுரை ஹாக் அவர்களின் மனத்தைப் புண்படுத்துமோ என்று அவர் அஞ்சியதுண்டு. ஆனால் ஹாக் அதனைச் சிறந்த படைப்பு எனப் பாராட்டினார். ஆசிரியர்க்குச் செலுத்தவேண்டிய கடன் அவர் கருத்தைத் திரும்பச் சொல்வதன்று, தன் கருத்தை ஆராய்ந்து சொல்வதே என மாணவர் துணிந்தார். மாணவர்க்குச் செலுத்தவேண்டிய கடன் உடன்பாட்டைக் கேட்பதன்று, உழைப்பை மதிப்பதே என ஆசிரியர் காட்டினார். கடமையும் சுதந்திரமும் பகையல்ல என்பதனை இருவர் நடத்தையும் மெய்ப்பித்தது.

இராதாகிருஷ்ணனின் விடையின் சாரம் இது: வினை என்பது எந்திரம் போன்ற விதியன்று. கடந்த காலம் நாம் நிற்கும் தரையை அமைக்கின்றது. எத்திசையில் அடி எடுத்து வைப்பது என்பதனை அது முடிவு செய்வதில்லை. 1926ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டில் ஆற்றி, மறு ஆண்டு இந்து வாழ்வியலைப் பற்றிய நூலாக வெளிவந்த சொற்பொழிவுகளில் இதற்குச் சீட்டாட்டத்தை உவமை காட்டினார். கைக்கு வரும் சீட்டுகள் நம் தேர்வில் இல்லை. அவற்றைக் கொண்டு ஆடும் ஆட்டம் நம்முடையது. நல்ல சீட்டு வாய்த்தும் தோற்பவர் உண்டு. எளிய சீட்டோடு வெல்பவரும் உண்டு.

இவ்வுவமை அழகியது. ஆயினும் ஹாக் தொடுத்த வினாவின் கூர்மை இன்னும் எஞ்சியிருக்கின்றது. சீட்டைப் பங்கிட்டவர் யார்? சாதியின் பெயரால் சிலர்க்குக் கிணற்றையும் பள்ளியையும் கோயிலையும் மறுத்தது ஊழன்று. மனிதரே பங்கிட்ட சீட்டு அது. ‘என் நிலை என் வினைப்பயன்; இனி என் முயற்சியால் இதனை மாற்றுவேன்’ என்று ஒருவர் தம்மைக் குறித்துக் கூறினால் அது வீரம். ‘உன் நிலை உன் வினைப்பயன், பொறுத்துக்கொள்’ என்று பிறரைக் குறித்துக் கூறினால் அது கொடுமை. ஒரே கொள்கை தன்மேல் சார்த்தினால் ஊக்கமாகின்றது. பிறர்மேல் சார்த்தினால் விலங்காகின்றது. ஆதலின், சீட்டுகளை நேர்மையாகப் பங்கிடுவதும் அறத்தின் பகுதியே ஆகும். 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு பதினேழாம் பிரிவால் தீண்டாமையை ஒழித்ததும், தனித்தொகுதிகளை வகுத்ததும் அவ்வகையில் செய்யப்பட்ட பணிகளே. கங்காதர நெல்லூர் இன்று பட்டியல் சாதியினர்க்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதியாக விளங்குகின்றது. எல்லைக்கோடுகளை எவரோ வரைந்த ஊரில், வாக்குச்சீட்டு என்னும் ஒரு சீட்டாவது ஒவ்வொருவர் கைக்கும் ஒரே மதிப்போடு வருகின்றது.

இனிச் செயலால் தரப்பட்ட விடையைக் காண்போம். 1926ஆம் ஆண்டு தோன்றிய ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர், முன்னர்க் குறிப்பிட்ட கட்டமஞ்சி இராமலிங்க ரெட்டியே. 1930ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தை ஒட்டி அரசினர் மேற்கொண்ட அடக்குமுறையைக் கண்டித்து அவர் அப்பதவியைத் துறக்க முன்வந்தார். அவரை எவரும் விலகச் சொல்லவில்லை. தாம் உருவாக்கிய கலைக்கழகம், மாணவர், ஆசிரியர் ஆகிய அனைவர்க்கும் அவர் கடமைப்பட்டிருந்தார், நாட்டிற்கும் கடமைப்பட்டிருந்தார். இரண்டு கடமைகள் ஒன்றோடொன்று மோதும்போது எதனைக் கைக்கொள்வது என்பதனை எந்தச் சட்டமும் சொல்லித் தராது. அங்கே மனச்சான்று ஒன்றே துணை.

1931ஆம் ஆண்டு அதே நாற்காலியில் வந்தமர்ந்தவர் இராதாகிருஷ்ணன். ஒருவர் நாட்டின் பொருட்டுத் துறந்த பதவியை மற்றவர் கல்வியின் பொருட்டு ஏற்றார். 1936இல் இராதாகிருஷ்ணன் ஆக்ஸ்போர்டுக்குச் செல்ல, ரெட்டி மீண்டும் துணைவேந்தராகி 1949ஆம் ஆண்டு வரை பணிபுரிந்தார். ஒரே சீமையில் பிறந்து, ஒரே கல்லூரியில் பயின்ற இருவர் ஒரே பதவியின்முன் இருவேறு முடிவு செய்தனர். ஒருவரை வீரர் என்றும் மற்றவரைக் கோழை என்றும் கூறுவது எளிது, உண்மையாகாது. கடமை அனைவர்க்கும் ஓரச்சில் வார்த்த பொருளன்று. அவரவர் நின்ற இடத்திலிருந்து ஆராய்ந்து, விளைவைத் தாமே ஏற்கத் துணிந்து எடுக்கும் முடிவிலேதான் அது உருப்பெறுகின்றது.

நம் அரசியலமைப்பிலும் இந்நுட்பத்தின் சாயல் உண்டு. 1976ஆம் ஆண்டு நாற்பத்திரண்டாம் திருத்தத்தால் குடிமக்களின் அடிப்படைக் கடமைகள் பத்து சேர்க்கப்பட்டன; 2002ஆம் ஆண்டு குழந்தைகட்குக் கல்வி வாய்ப்பளிக்கும் கடமை பதினொன்றாவதாகச் சேர்ந்தது. அடிப்படை உரிமைகளைக் காக்க நீதிமன்றத்தை அணுகலாம். ஆனால் இக்கடமைகளைச் செய்யத் தவறினார் என்பதற்காக மட்டுமே ஒருவரைத் தண்டிக்க அப்பிரிவில் இடமில்லை. இதனைக் குறை என்பாரும் உளர். எனினும், காவலரை நிறுத்திப் பெறக்கூடியது கீழ்ப்படிதல் ஒன்றே. கடமையுணர்வை அவ்வாறு பெற இயலாது.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வழக்கின் தீர்ப்பு என்ன? நாம் பிறந்த குடும்பம், பேசும் மொழி, வேலை கிடைத்த நகரம் ஆகியவற்றுட் பல நம் கைக்கு வந்த சீட்டுகள். ஊருக்கு அனுப்பும் பணத்தை ‘தலைவிதி’ என்று முனகி அனுப்புவதும் உண்டு. ‘இது நான் ஏற்றுக்கொண்ட பொறுப்பு’ என்று அனுப்புவதும் உண்டு. தொகை ஒன்றுதான், அனுப்புபவர் வேறு. அவ்வாறு ஏற்பதற்கு, மறுக்கவும் எல்லை வகுக்கவும் நமக்கு இடமிருக்க வேண்டும். தன்னால் இயலாததை இயலாது என்று பெற்றோரிடம் அன்போடு கூறும் மகன் கடமையில் தவறியவன் ஆகான். அவ்விடத்தை நம்மைச் சார்ந்தோர்க்கு, சிறப்பாக நம் வீட்டுப் பெண்டிர்க்கு, நாமும் தருதல் வேண்டும். நம் பிள்ளைகள் தமிழ் கற்பதும் அத்தகையதே. அடித்துக் கற்பித்த மொழி தேர்வு முடிந்ததும் போய்விடும். விரும்பி ஏற்ற மொழி பேரப்பிள்ளைகள் நாவிலும் நிற்கும். நமக்கு வாழ்வளித்த மாநிலத்தின் மொழியைக் கற்று அம்மக்களோடு கலந்து வாழ்வதும், எவரும் கேளாமலே நாம் செலுத்தத்தக்க கடன்.

கங்காதர நெல்லூரில் எல்லைக்கோடு எப்பக்கம் சென்றாலும், பக்கத்து வீட்டில் நோய் என்றால் ஓடிச் செல்வது தமிழர்க்கும் தெலுங்கர்க்கும் ஒன்றே. அவ்வுதவியை எந்த மாவட்ட ஆட்சியரும் ஆணையிட்டுப் பெறவில்லை. எந்த எல்லை ஆணையமும் அதனைப் பிரித்துத் தரவில்லை.